வெள்ளைக்காரனுக்கு வளரி எறியக் கற்றுக்கொடுத்த சின்ன மருது

சிறுவயல் அரண்மனைக்குக் காவல் கிடையாது.

காரைக்குடிக்குப் பக்கத்தில் உள்ள ஊர் சிறுவயல். இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு சிவகங்கைச் சீமையின் ஆட்சி அங்கிருந்துதான் நடந்தது. ஆட்சியை நடத்தியவர் சின்ன மருது. சீமைக்கே அதிகாரியான அவர், தம் மாளிகை வாசலில் ஒரு காவலாளைக்கூட நிறுத்தவில்லை. கதவு திறந்தே கிடக்கும். குறை சொல்ல வந்தவர் உள்ளே போகலாம். சும்மா பார்க்க வந்தவரும் போகலாம். வந்தவர் தம் விருப்பப்படி திரும்பியும் போகலாம்.

இதை நேரில் கண்டு எழுதி வைத்தவர் நம் ஊர்க்காரர் அல்ல. கும்பினிப் பட்டாளத்தில் அதிகாரியாக இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற வெள்ளைக்காரர். 1795-ஆம் ஆண்டில் அவர் சின்ன மருதுவைச் சந்தித்தபோது அவருக்கு வயது இருபதுதான் இருக்கும்.

கறுத்த நிறம், பருத்த உடல், களையான முகம், எவரிடமும் இனிமையாகப் பேசும் குணம். இதுதான் அந்த இளைஞர் கண்ட சின்ன மருது. தலையை ஒருமுறை அசைத்தால் போதும், அதைச் சட்டமாக ஏற்று நடக்க மக்கள் காத்திருந்தார்கள். அப்படிப்பட்டவர்தான் இருபது வயது வெள்ளைக்காரப் பையனைப் பக்கத்தில் நிறுத்தி, வேல் எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்தார்.

வேலை நம் எல்லோருக்கும் தெரியும். முருகன் கையில் பார்த்திருக்கிறோம். வளரி என்பது என்ன?

பிறை வடிவத் தடி

வளரி ஓர் எறியும் ஆயுதம். வளைதடி என்றும் சொல்வார்கள். மூன்றாம் பிறைச் சந்திரனைப் போல வளைந்திருக்கும். அதன் இரண்டு முனைகளும் ஒரே கனம் அல்ல. ஒரு முனை மெல்லியது, அது கைப்பிடி. மறு முனை அகன்று கனமாக இருக்கும். அந்த முனையின் வெளிப்பக்கத்தைக் கூர்மையாக்கி வைப்பதும் உண்டு.

பெரும்பாலான வளரிகள் வைரம் பாய்ந்த மரத்தில் செய்தவை. இரும்பிலும் செய்தார்கள். தஞ்சாவூர் அரண்மனை ஆயுதசாலையில் யானைத் தந்தத்தில் செய்த வளரிகள்கூட இருந்தன. அவை பிறகு சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. தந்த வளரி ராஜாவின் கொலுவுக்கு அழகு. முயலுக்கும் எதிரிக்கும் மரமும் இரும்பும்தான்.

நல்ல வளரியைத் தேர்ந்தெடுப்பது சின்னக் காரியம் அல்ல. நேரான கட்டையைப் பிறை வடிவத்தில் செதுக்கினால் மரத்தின் நார் குறுக்கே வெட்டுப்பட்டுப் போகும். அந்தத் தடி ஒரு கல்லில் பட்டாலே முறிந்துவிடும். இயற்கையாகவே வளைந்து வளர்ந்த கிளையாக இருந்தால் நாரும் வளைவோடு ஓடும். அதுதான் தாங்கும். அடுத்தது கனம். அதிகக் கனமானால் தூரம் போகாது. கனம் குறைந்தால் காற்று அதைத் தள்ளிவிடும். எறிபவருடைய தோளுக்கும் மணிக்கட்டுக்கும் ஏற்ற கனம் எது என்பதைக் கை சொல்ல வேண்டும். அளவுகோல் சொல்லாது.

எறியும் முறை என்ன? மெல்லிய முனையை இறுகப் பிடிக்க வேண்டும். தோளுக்கு மேலே சில முறை சுழற்ற வேண்டும். வேகம் ஏறிய பிறகு குறி பார்த்து விட வேண்டும். கையை விட்டதும் வளரி தன்னைத்தானே சுற்றிக்கொண்டு பறக்கும். சுற்றும் பம்பரம் கீழே சாயாது அல்லவா? அதுபோலச் சுற்றிக்கொண்டு போகும் வளரியும் தடுமாறாது. கனமான முனை அடியைப் பலமாக்கும்.

தோளுக்கு மேல் எத்தனை சுற்று, எந்தச் சுற்றில் விடுவது என்பதில்தான் வித்தை இருக்கிறது. ஒரு கண நேரம் முந்தினால் இலக்குக்கு ஒரு பக்கம் போகும். பிந்தினால் மறு பக்கம் போகும். இதைப் புத்தகத்தைப் படித்துக் கற்க முடியாது. பக்கத்தில் நின்று கையைத் திருத்த ஓர் ஆசான் வேண்டும்.

எறிந்தவரின் கைக்கே வளரி திரும்பி வந்துவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வேட்டை வளரி திரும்பி வருவதற்காகச் செய்யப்பட்டதல்ல. போய்த் தாக்குவதற்காகச் செய்யப்பட்டது. ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் பூமராங்கிலும் இப்படித்தான். திரும்பி வரும் பூமராங் இலேசானது. பெரிய மிருகத்தை வீழ்த்தும் பூமராங் கனமானது, அது திரும்பாது. எகிப்து நாட்டு அரசன் துட்டன்காமனின் கல்லறையை 1922-இல் திறந்தபோது அங்கேயும் எறிதடிகள் இருந்தன. உலகத்தின் மூன்று மூலைகளில் மூன்று கூட்டத்தார் வேட்டைக்கு வளைந்த தடியைக் கையில் எடுத்திருக்கிறார்கள்.

நூறு கெஜத்தில் தப்பாத குறி

வெல்ஷ் பிறந்த நாட்டில் இப்படி ஓர் ஆயுதம் இல்லை. அவர் கற்றதெல்லாம் துப்பாக்கி. அந்தக் காலத்துத் துப்பாக்கியை எப்படிக் கெட்டித்தார்கள் தெரியுமா? காகிதத்தில் சுற்றிய தோட்டாவைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும். கொஞ்சம் மருந்தைக் கிண்ணியில் போட்டு மூட வேண்டும். மீதி மருந்தைக் குழலின் வாய் வழியாகக் கொட்டி, குண்டையும் காகிதத்தையும் உள்ளே தள்ளி, இரும்புக் கம்பியால் இடிக்க வேண்டும். பிறகுதான் சுட முடியும். நன்றாகப் பழகிய சிப்பாய் நிமிஷத்துக்கு மூன்று முறை சுடலாம். மழை பெய்து மருந்து நனைந்தால் அதுவும் இல்லை. நூறு கெஜத்துக்கு அப்பால் ஒரு தனி ஆளைக் குறி வைத்தால், அது படுவதும் படாததும் அதிர்ஷ்டம்.

அதே நூறு கெஜ தூரத்துக்குள், அதாவது 300 அடிக்குள், தேர்ந்த கையில் இருக்கும் வளரி குறி தப்பாது என்று வெல்ஷ் எழுதினார். மருந்து வேண்டாம், குண்டு வேண்டாம். தோளுக்கு மேல் சுழற்றும் சுழற்சிதான் அதற்கு மருந்து. உலகில் வேறு எங்கும் அதிகம் அறியப்படாத ஆயுதம் என்றும் அவர் குறித்தார். கள்ளர் நாட்டுத் தடி என்ற பொருளில் வெள்ளைக்காரர்கள் அதைக் காலரி ஸ்டிக் என்று அழைத்தார்கள்.

வெல்ஷ் மதுரையில் இருந்த காலத்தில் சிறுவயலிலிருந்து அவருக்கு உயர்ந்த அரிசியும் பழங்களும் வந்துகொண்டிருந்தன. அவற்றில் தடித்த தோலுடன் கூடிய பெரிய இனிப்பு ஆரஞ்சு ஒன்று. இந்தியாவில் வேறு எங்கும் அப்படி ஒரு பழம் தமக்குக் கிடைத்ததில்லை என்று அவர் பிற்காலத்தில் நினைவு கூர்ந்தார்.

அண்ணனும் தம்பியும்

சின்ன மருது அரச குடும்பத்தில் பிறந்தவர் அல்ல. இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் நரிக்குடிக்கு அருகே உள்ள முக்குளம்தான் சொந்த ஊர். அண்ணன் பெரிய மருது பிறந்தது 1748-இல். தம்பி சின்ன மருது பிறந்தது 1753-இல். சிவகங்கை மன்னர் முத்து வடுகநாதரிடம் சாதாரண ஊழியர்களாகச் சேர்ந்து, தங்கள் வீரத்தாலும் விசுவாசத்தாலும் மேலே வந்தார்கள்.

அண்ணனுக்கு ஆட்சியில் நாட்டம் இல்லை. அவருக்குக் காடுதான் வீடு. வேட்டைதான் பொழுதுபோக்கு. ஆர்க்காட்டு வெள்ளி ரூபாயை விரல்களாலேயே வளைத்துவிடுவார் என்று ஊரெங்கும் பேச்சு இருந்தது. திருச்சி, தஞ்சை, மதுரையில் இருந்த வெள்ளைக்காரர்கள் வேட்டைக்குப் போக நினைத்தால் அவருக்குத்தான் சொல்லி அனுப்புவார்கள். புலி பாய்ந்து வந்தால் முதல் ஆளாக எதிரே நிற்பவர் அவர்.

தம்பிக்கு நிர்வாகத்தில் கூர்மை. படையை அண்ணன் பார்த்துக்கொள்ள, நாட்டைத் தம்பி பார்த்துக்கொண்டார்.

இருவரும் இந்த நிலைக்கு வந்தது சுலபமாக அல்ல. 1772-ஆம் ஆண்டு ஜூன் மாதம் நவாபுக்காகக் கும்பினிப் படை காளையார்கோவிலைத் தாக்கியது. மன்னர் முத்து வடுகநாதர் மாண்டார். ராணி வேலு நாச்சியார் தம் மகள் வெள்ளச்சியுடன் சீமையை விட்டு வெளியேறினார். தளவாய் தாண்டவராய பிள்ளையும் மருது சகோதரர்களும் ராணியை அழைத்துக்கொண்டு திண்டுக்கல் பக்கம் உள்ள விருப்பாட்சிக்குப் போனார்கள். எட்டு ஆண்டு அஞ்ஞாதவாசம். ஹைதர் அலியின் உதவியோடு 1780-இல் திரும்பி வந்து சிவகங்கையை மீட்டார்கள். ராணி அரியணை ஏறினார். மருது சகோதரர்கள் அவருக்கு இரு கைகளாக ஆனார்கள். பின்னாளில் வெள்ளச்சியின் கணவர் வேங்கன் பெரிய உடையணத் தேவர் பெயரளவில் மன்னராக இருந்தார். அதிகாரம் சிறுவயலில் இருந்தது.

காளையார்கோவிலின் பெரிய கோபுரம் மருது சகோதரர்கள் எழுப்பியது. மானாமதுரையிலிருந்து வரிசையாக ஆட்களை நிறுத்தி, செங்கல்லைக் கை மாற்றிக் கொண்டுவந்தார்கள் என்று இன்றும் அந்தப் பக்கத்தில் சொல்கிறார்கள். குன்றக்குடி முருகன் கோவிலுக்கும் அவர்கள் திருப்பணி செய்தார்கள்.

அடைக்கலம்

1799-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ந் தேதி வீரபாண்டிய கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள். அவருடைய தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையில் கிடந்தார். 1801 பிப்ரவரியில் சிறையிலிருந்து தப்பி, இடித்துப் போட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மறுபடியும் கட்டி நிமிர்த்தினார். மே மாதம் அந்தக் கோட்டையும் விழுந்தது. அடிபட்ட ஊமைத்துரை தப்பி வந்து நின்ற இடம் சிறுவயல்.

சின்ன மருது நினைத்திருந்தால் அவரைப் பிடித்துக் கொடுத்திருக்கலாம். அரிசியும் பழமும் அனுப்பிய பழைய நட்பு இருக்கவே இருந்தது. சீமையும் பதவியும் தங்கியிருக்கும். வாசலுக்குக் காவல் வைக்காத அந்த மனிதர், வந்தவரை வெளியே தள்ள மறுத்தார். கும்பினி கேட்டது, அவர் கொடுக்கவில்லை.

1801 ஜூன் 16-ந் தேதி சின்ன மருதுவின் பெயரால் ஓர் அறிக்கை வெளிவந்தது. திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோவில் மதிலிலும் அதை ஒட்டினார்கள். எல்லாச் சாதியாரும் ஒன்றுசேர்ந்து வெள்ளையரை எதிர்க்க வேண்டும், கும்பினியில் சிப்பாயாக வேலை பார்ப்பவர்களும் தங்கள் ஆயுதத்தைத் திருப்ப வேண்டும் என்று அது அறைகூவியது. ஜம்புத்தீவுப் பிரகடனம் என்று சரித்திரம் சொல்வது இதைத்தான். ஒரு சீமைக்காக மட்டும் அவர் பேசவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

காட்டுக்குள் ஒரு மாதம்

கர்னல் அக்னியூ தலைமையில் படை புறப்பட்டது. அந்தப் படையில் ஜேம்ஸ் வெல்ஷும் இருந்தார்.

ஜூலை கடைசியில் படை சிறுவயலை அடைந்தபோது ஊர் எரிந்துகொண்டிருந்தது. எதிரி கையில் கிடைக்க வேண்டாம் என்று சின்ன மருதுவின் ஆட்களே தீ வைத்துவிட்டார்கள். வெல்ஷ் எத்தனையோ முறை விருந்தாளியாக நினைத்துப் பார்த்திருக்கக் கூடிய மாளிகை சாம்பலானது.

சிறுவயலுக்கும் காளையார்கோவிலுக்கும் நடுவே அடர்ந்த காடு. அந்தக் காட்டை வெட்டிப் பாதை போட்டுக்கொண்டே போய்க் கோட்டையைப் பிடிப்பது கும்பினியின் திட்டம். ஒரு நாள் முழுக்க வெட்டினாலும் பாதை கொஞ்ச தூரம்தான் நகரும். வெட்டிய இடத்துக்கு எதிரே மறுநாள் காலையில் புதிதாக ஒரு மண் அரண் எழுந்திருக்கும். மரங்களுக்குப் பின்னாலிருந்து குண்டுகளும் வேல்களும் வரும். ஏறத்தாழ ஒரு மாதம் இப்படிப் போராடிவிட்டு, செப்டம்பர் தொடக்கத்தில் கும்பினிப் படை வந்த வழியே திரும்பியது.

இந்தச் சண்டைகளில் வளரி பெரும் பங்கு வகித்தது என்பது வழிவழியாக வரும் செய்தி. ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். வளரியைச் சுழற்ற இடம் வேண்டும். பறக்க வெளி வேண்டும். புதரும் கொடியும் பின்னிய காட்டுக்குள் அது நூறு கெஜம் போகாது. அங்கே வேலும் துப்பாக்கியும்தான் அதிகம் பேசியிருக்கும். மருது படையிலும் துப்பாக்கிகள் இருந்தன. வளரி தன் திறமையைக் காட்டியிருக்கக் கூடிய இடம் காட்டின் ஓரமும் திறந்த பொட்டலும்.

காட்டை வெட்டி வெல்ல முடியாதவர்கள் வேறு வழி பிடித்தார்கள். சிவகங்கை அரச குடும்பத்தின் உறவினரான படமாத்தூர் கௌரி வல்லபரைச் செப்டம்பர் 12-ந் தேதி சோழபுரத்தில் சீமைக்கு அதிபதி என்று அறிவித்தார்கள். மருதுவின் பக்கம் நின்றவர்களில் பலர் மனம் தடுமாறினார்கள். துப்பாக்கி செய்யாததை இந்த அறிவிப்பு செய்தது. அக்டோபர் 1-ந் தேதி படைகள் பல திசைகளிலிருந்து ஒரே நேரத்தில் பாய்ந்தன. காளையார்கோவில் விழுந்தது.

ஆசானைத் தேடிய வேட்டை

இதன் பிறகு நடந்ததை வெல்ஷ் மறைக்காமல் எழுதினார். தமக்கு வேல் எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்தவரைக் காட்டு மிருகத்தை விரட்டுவதுபோல விரட்ட நேர்ந்தது என்று வருந்தினார்.

சின்ன மருது தொடை எலும்பு முறிந்த நிலையில் பிடிபட்டார். பிடித்தவர்கள் பெரிய தளபதிகள் அல்ல, சாதாரணச் சேவகர்கள். உடைந்த காலுடன் சிறையில் கிடந்தார். 1801 அக்டோபர் 24-ந் தேதி திருப்பத்தூரில் பெரிய மருதுவையும் சின்ன மருதுவையும் தூக்கிலிட்டார்கள். குடும்பத்தாரும் தோழர்களும் பலர் அவர்களோடு மாண்டார்கள். சின்ன மருதுவின் மகன் ஒருவரும் அவர்களில் உண்டு. தூக்குமரத்தில் தொங்கிய உடல்களை வெல்ஷ் கண்ணால் கண்டார்.

தாங்கள் கட்டிய கோபுரத்துக்கு எதிரே தங்களைப் புதைக்க வேண்டும் என்று சகோதரர்கள் விரும்பினார்கள் என்பது மக்கள் வழக்கு. காளையார்கோவில் கோவிலுக்கு எதிரே அவர்களுடைய சமாதி இருக்கிறது. ஆண்டுதோறும் அக்டோபர் மாதம் அங்கே கூட்டம் கூடுகிறது. 2004-இல் இந்திய அரசு அவர்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. அதற்கு வெகு காலம் முன்பே, 1959-இல், காரைக்குடிப் பக்கத்துச் சிறுகூடல்பட்டிக்காரரான கவிஞர் கண்ணதாசன் சிவகங்கைச் சீமை என்று படம் எடுத்திருந்தார்.

கையை விட்டுப் போன தடி

மனிதர்கள் போன பிறகு ஆயுதங்களும் போயின. 1801 டிசம்பர் 1-ந் தேதி சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ் ஒரு விளம்பரம் வெளியிட்டார். பாளையக்காரர்களும் அவர்களுடைய ஆட்களும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்பது அதன் சாரம். மீறினால் கடுந்தண்டனை.

வளரியைப் பறிப்பது கஷ்டம் அல்ல. அது வெறும் தடி. காட்டில் இன்னொன்று வெட்டிக்கொள்ளலாம். ஆனால் பழகாத கைக்கு அது விறகுதான். பழக்க ஆசான் இல்லாமல் போனால், தடியைப் பறிக்கவே தேவையில்லை. நூறாண்டுக்குப் பின் அதுதான் நடந்தது. 1909-இல் எட்கர் தர்ஸ்டன் என்பவர் தென்னிந்தியச் சாதிகளைப் பற்றிப் பெரிய நூல் வெளியிட்டார். குறி தவறாமல் வளரி வீசுகிறவர்கள் புதுக்கோட்டைச் சீமையில் இப்போது இல்லை, முயலையும் காட்டுக் கோழியையும் அடிக்க எப்போதாவது எடுக்கிறார்கள் என்ற செய்தி அதில் இருக்கிறது. கள்ளர் குடும்பங்கள் சிலவற்றில் கல்யாணத்தின்போது மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் வளரியை மாற்றிக்கொள்ளும் வழக்கத்தையும் அந்த நூல் சொல்கிறது. எறிய மறந்த பிறகும் கொடுத்து வாங்க மறக்கவில்லை!

பினாங்கில் வந்து நின்றவர்

சின்ன மருதுவுக்குத் துரைசாமி என்று இன்னொரு மகன். தந்தை தூக்கு மேடை ஏறியபோது அவனுக்கு வயது 15 இருக்கும். வயதைப் பார்த்து அவனைத் தூக்கிலிடவில்லை. 1802 பிப்ரவரியில், மன்னர் வேங்கன் பெரிய உடையணத் தேவர் உட்பட 73 பேரைத் தூத்துக்குடியில் கப்பலேற்றி நாடு கடத்தினார்கள். அந்தக் கப்பலில் துரைசாமியும் போனான். சேர்ந்த இடம் கடலுக்கு அப்பால் பினாங்குத் தீவு.

பதினாறு ஆண்டுகள் கழிந்தன. 1818-இல் வெல்ஷ் உடல் நலம் குன்றி, காற்று மாறுவதற்காகப் பினாங்குக்குப் போயிருந்தார். ஒரு நாள் அவர் அறைக்குள் யாரோ நுழைந்தார். நரைத்து ஒடுங்கிய கிழவரைப் போன்ற தோற்றம். கைகளைக் கட்டிக்கொண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் எதிரே நின்றார். வெல்ஷ் வெகு நேரம் உற்றுப் பார்த்தார். எங்கோ பார்த்த முகம்போல் இருந்தது.

பிறகு பெயர் நினைவுக்கு வந்தது. துரைசாமி. வந்தவருக்கு அப்போது முப்பத்திரண்டு வயதுகூட நிரம்பியிருக்காது.